குனிய அஞ்சும் முதுகு

முதுகுவலி என்று பொதுவாகச் சொன்னாலும், இன்று நான் பேச எடுத்துக்கொண்டது விலா எலும்புக்குக் கீழே, பிட்டத்துக்கு மேலே வரும் இடுப்புப் பகுதி வலியைத்தான். உலக நோய்ச்சுமையைக் கணக்கிடும் ஆய்வாளர்கள் 2020ஆம் ஆண்டில் இந்த வலியோடு வாழ்ந்தவர்கள் 61.9 கோடிப் பேர் என்று மதிப்பிட்டார்கள். 2050இல் அது 84.3 கோடியாகும் என்கிறார்கள். உயிரைப் பறிக்காமல் ஆளை முடக்கிப் போடும் கோளாறுகளில் முதலிடம் இதற்குத்தான். மக்கள்தொகை பெருகியதும் ஆயுள் நீண்டதும் எண்ணிக்கை ஏறுவதற்குக் காரணங்கள்தாம். ஆனால் இதே காலத்தில்தான் ஸ்கேன் மையங்கள் ஊருக்கு ஊர் வந்தன, அறுவை நுட்பங்கள் வளர்ந்தன, இடுப்புப் பெல்ட்டும் மருத்துவ மெத்தையும் கடைத்தெருச் சரக்காயின. இவ்வளவுக்கும் ஈடாக வலி குறைந்திருக்க வேண்டும், குறையவில்லை. முதுகைப் பற்றி நாம் வைத்திருக்கும் அடிப்படை எண்ணத்திலேயே கோளாறு இருக்கிறது என்பது என் வாதம். பயன்படுத்தப் பயன்படுத்தத் தேய்கிற பொருளாக முதுகை நினைக்கிறோம், ஆகவே அதைச் சேமித்து வைக்கப் பார்க்கிறோம். அந்தச் சேமிப்பே பெரும்பாலோருடைய வலியை நீட்டிக்கிறது. முதுகைக் காப்பது அளவறிந்த உழைப்பு. அந்த அளவை அவரவரே வைத்துக்கொள்ளக்கூடிய வாழ்க்கையும் உண்டு, முதலாளியும் அரசும் வைத்துத் தர வேண்டிய வாழ்க்கையும் உண்டு. இரண்டையும் பேசப்போகிறேன்.

அதற்கு முன் இந்த வாதத்துக்குள் அடங்காதவர்களை ஒதுக்கிச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அவர்கள் விஷயத்தில் தாமதம் ஆபத்து. இடுப்புவலி என்று மருத்துவரிடம் வருகிறவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேரிடம் இன்ன நோய் என்று சுட்டிக்காட்டத்தக்க காரணம் எதுவும் கிடைப்பதில்லை. மிச்சமுள்ள ஒருவரிடம் காரணம் இருக்கும். காய்ச்சல், காரணமில்லாத எடைக் குறைவு, படுத்தாலும் புரண்டாலும் விடாத இரவு வலி ஆகியவை இருந்தால், நம் நாட்டில் முதுகெலும்புக் காசநோயை நினைத்தே ஆக வேண்டும்; முன்பு புற்றுநோய் வந்தவர்களானால் அது பரவியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வயதான அம்மா ஒருவர் குளியலறையில் லேசாக வழுக்கி உட்கார்ந்த பிறகு வலி என்றால், எலும்புப்புரையால் முள்ளெலும்பு நசுங்கியிருக்கலாம். நாற்பது வயதுக்குள் இருக்கும் ஒருவருக்குக் காலையில் அரைமணி நேரத்துக்கு மேல் முதுகு விறைத்து, நடமாடினால் குறைந்து, ஓய்வெடுத்தால் கூடுமானால் அது மூட்டுவாத வகையைச் சேர்ந்த நோயாக இருக்கக்கூடும். அதற்குத் தனி மருந்துகள் உள்ளன. எல்லாவற்றுக்கும் மேலாக, சிறுநீர் போகாமல் அடைத்துக்கொள்வது அல்லது அடக்க முடியாமல் போவது, சைக்கிள் சீட்டில் படுகிற பகுதி மரத்துப்போவது, இரண்டு கால்களும் பலமிழப்பது என்றால் அன்றைக்கே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்பது அங்கே கிடையாது. இனி நான் சொல்வதெல்லாம் மற்ற ஒன்பது பேரைப் பற்றியது.

அந்த ஒன்பது பேரும் எப்படி நோயாளிகளாக மாறுகிறார்கள் என்று பாருங்கள். 1934இல் பாஸ்டன் நகரத்து மருத்துவர்கள் மிக்ஸ்டரும் பாரும், முள்ளெலும்புகளுக்கு நடுவே உள்ள ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்துவதால் காலுக்கு இறங்கும் வலி வருகிறது என்றும், அதை அறுத்து நீக்கலாம் என்றும் எழுதினார்கள். உண்மையான, மிகப் பெரிய கண்டுபிடிப்பு அது. ஆனால் அதன் பிறகு எல்லா முதுகுவலிக்கும் ஜவ்வையே குற்றவாளியாக்கும் பழக்கம் வந்துவிட்டது. எம்.ஆர்.ஐ. வந்ததும் சாட்சியும் கிடைத்ததுபோல் ஆயிற்று. வலியுள்ளவரைப் படம் எடுத்தால் ஜவ்வு வீங்கியிருக்கிறது, ஆகவே வலிக்குக் காரணம் அதுதான் என்று முடிவு கட்டினார்கள். வலியே இல்லாதவரைப் படம் எடுத்தால் என்ன தெரியும் என்ற கேள்வியைப் பலர் கேட்கவில்லை. கேட்டவர்களுக்குக் கிடைத்த பதில் வியப்பானது. 1994இல் வெளியான ஓர் ஆய்வில், முதுகுவலி இல்லாத 98 பேரைப் படம் எடுத்தார்கள். பாதிப் பேருக்கு மேல் ஜவ்வு வீக்கம் இருந்தது. எல்லா ஜவ்வுகளும் ஒழுங்காக இருந்தவர்கள் 36 சதவீதம் மட்டுமே. 2015இல், வலியில்லாத 3,110 பேரின் படங்களை உள்ளடக்கிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஜவ்வு நீர்வற்றிச் சிதையும் மாற்றம் 20 வயதுக்காரர்களிலேயே 37 சதவீதத்தினரிடம் இருந்தது; 80 வயதில் அது 96 சதவீதம். அப்படியானால் ஐம்பது வயதுக்காரர் ஒருவரின் ஸ்கேன் அறிக்கையில் எல்.4, எல்.5 என்று இடுப்பு முள்ளெலும்புகளின் பெயரோடு எழுதப்பட்டிருப்பதில் பெரும்பகுதி அவருடைய வயதைச் சொல்கிறது. அவர் அதை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தன் முதுகின் மீது எழுதிய தீர்ப்பாக வாசிக்கிறார். குனிவதை நிறுத்துகிறார், பேரக்குழந்தையைத் தூக்குவதை நிறுத்துகிறார், கடைசியில் நடப்பதையும் குறைக்கிறார்.

‘அப்படியென்றால் ஜவ்வு பிதுங்கினால் வலிக்காது என்கிறீர்களா?’ என்று கேட்கலாம். வலிக்கும். நரம்பை அழுத்தினால், பிட்டத்திலிருந்து பாதம்வரை மின்சாரம் பாய்ந்ததுபோல் இழுக்கிற அந்த வலி கொடுமையானது. அதை யாரும் சிறுமைப்படுத்தக்கூடாது. ஆனால் அதுகூடப் பெரும்பாலும் ஆறுகிறது. வெளியே பிதுங்கிய துண்டை உடலே மெல்ல மெல்லக் கரைத்து உறிஞ்சிக்கொள்வதைத் தொடர்ந்து எடுத்த படங்களிலேயே பார்த்திருக்கிறார்கள். நெதர்லாந்தில் 283 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு உடனே அறுவைச் சிகிச்சை செய்தார்கள், மறுபகுதியினரைக் காத்திருக்கச் சொன்னார்கள். 2007இல் வெளியான முடிவின்படி, அறுவை செய்துகொண்டவர்களுக்கு வலி சீக்கிரம் குறைந்தது; ஆனால் ஓராண்டு முடிவில் இரு தரப்பிலும் 95 சதவீதம் பேர் குணமடைந்ததாகச் சொன்னார்கள். காத்திருந்தவர்களில் 39 சதவீதத்தினர் இடையில் வலி தாங்காமல் அறுவைக்குப் போனார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆகவே அறுவை வேண்டாம் என்பது என் கட்சியில்லை. கால் பலமிழக்கும்போதும், வாரக்கணக்கில் வலி தாங்க முடியாதபோதும் அதற்கு இடமுண்டு. ஜவ்வு விலகியவருக்கு வாழ்நாள் முழுக்க முதுகு ஊனம் என்கிற முடிவுக்குத்தான் ஆதாரம் இல்லை.

தேய்மானம் என்ற எண்ணத்தின் வேர் எங்கே இருக்கிறது? இயந்திரத்தைப் பார்த்து உடலைப் புரிந்துகொண்டதில் இருக்கிறது. உராய்ந்த இரும்பு தேயும். மண்வெட்டி பிடிக்கிற கையோ காய்த்துப்போகிறது. முதல் நாளே காலை முதல் மாலைவரை வெட்டினால் கொப்புளம் எழும். நாளுக்கு நாள் கொஞ்சம் கூட்டினால் தோல் தடிக்கும். ஆறவிடாமல் வெட்டிக்கொண்டே இருந்தால் காய்ப்பும் வெடித்துப் புண்ணாகும். எலும்பு, தசை, தசைநாண், ஜவ்வு எல்லாமே உயிருள்ள பொருள்கள். எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய இந்த விதிதான். பெரியவர்களுடைய ஜவ்வின் உட்பகுதியில் இரத்தக்குழாய் கிடையாது. சுற்றியுள்ள எலும்பிலிருந்து கசிந்து ஊறும் சத்தை நம்பி அது வாழ்கிறது; முதுகு அசைந்து அழுத்தமும் தளர்வும் மாறி மாறி வருவது அதற்கு நல்லது. ஆஸ்திரேலியாவில் தொடர்ந்து ஓடும் பழக்கமுள்ளவர்களையும் ஓடாதவர்களையும் ஒப்பிட்டபோது, ஓடுகிறவர்களின் ஜவ்வில்தான் நீர்ச்சத்து கூடுதலாக இருந்தது. பின்லாந்தில் இரட்டையர்களை வைத்து நடந்த நீண்ட ஆராய்ச்சி இன்னும் ஆழமானது. ஒரே மரபணுவோடு பிறந்து, ஒருவர் பாரம் தூக்கும் வேலைக்கும் மற்றவர் இலேசான வேலைக்கும் போன இரட்டையரின் முதுகுகளை ஒப்பிட்டார்கள். ஜவ்வின் நிலையைத் தீர்மானித்ததில் பெரும்பங்கு பிறவிக்கு. வேலைக்குச் சிறு பங்கே. சராசரியாக 13 கிலோ எடை வித்தியாசமுள்ள இரட்டையரில் கனமானவரின் ஜவ்வு மோசமாக இருக்கவில்லை, சற்று நன்றாகவே இருந்தது. உடல் பருமன் நல்லது என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. பருமனுக்கும் முதுகுவலிக்கும் உள்ள தொடர்பு வேறு ஆய்வுகளில் உறுதியாகியிருக்கிறது. பாரம் ஏற ஏற ஜவ்வு தேய்கிறது என்ற நேர்கோட்டுக் கணக்கு தவறு என்பதுதான் இதிலிருந்து தெரிகிறது.

இந்தத் தவறான கணக்கின் முதல் விளைவு படுக்கை. இடுப்பு பிடித்துக்கொண்டால் பலகையில் படு, ஒரு வாரம் அசையாதே என்பது நம் வீடுகளில் இன்றும் சொல்லப்படுவது. சில மருத்துவர்களும் சொல்கிறார்கள். 1986இல் டெக்சாஸில் மருத்துவர் ரிச்சர்ட் டேயோவும் உடன் ஆய்ந்தவர்களும் 203 நோயாளிகளில் ஒரு பகுதியினரை இரண்டு நாளும் மறுபகுதியினரை ஏழு நாளும் படுத்திருக்கச் சொன்னார்கள். இரண்டு நாள் சொல்லப்பட்டவர்கள் வேலைக்குப் போகாமல் இழந்த நாட்கள் 45 சதவீதம் குறைவு. மற்றபடி குணமாவதில் வேறுபாடு இல்லை. 1995இல் ஹெல்சிங்கி மாநகராட்சி ஊழியர்கள் 186 பேரிடம் நடந்த இன்னொரு சோதனை வெளிவந்தது. இரண்டு நாள் படுக்கை, முதுகுப் பயிற்சி, வலி அனுமதிக்கும் அளவுக்கு அன்றாட வேலை என்று மூன்று வழி. அன்றாட வேலையைத் தொடர்ந்தவர்களே விரைவில் தேறினார்கள்; மெதுவாகத் தேறியவர்கள் படுத்திருந்தவர்கள். வலி வந்த முதல் நாட்களில் தனியாகப் பயிற்சி செய்ததுகூட அன்றாட வேலையை மிஞ்சவில்லை. பயிற்சி மீது எனக்குள்ள ஆர்வம் இந்த உண்மையை மறைத்துவிடக்கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன். வலி உச்சத்தில் இருக்கும்போது ஒருநாள் சாய்ந்து கிடப்பதில் தவறில்லை. மறுநாள் எழுந்து வாசல்வரை நடப்பதும், அதற்கு மறுநாள் தெருமுனைவரை நடப்பதும்தான் மருந்து.

இரண்டாவது விளைவு பயம், அதற்குப் படுக்கையைவிட நீண்ட ஆயுள். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 1997 முதல் தொலைக்காட்சி விளம்பரங்கள் வழியாகப் பெரிய இயக்கம் ஒன்றை நடத்தினார்கள். முதுகுவலிக்குப் படுத்துவிடாதீர்கள், நடமாடுங்கள், இயன்றவரை வேலையில் தொடருங்கள் என்பதே செய்தி. பக்கத்து மாநிலமான நியூ சவுத் வேல்ஸில் இந்த இயக்கம் இல்லை. இரண்டையும் ஒப்பிட்டபோது, விக்டோரியாவில் பொதுமக்களின் எண்ணமும் மருத்துவர்களின் எண்ணமும் மாறின. முதுகுவலிக்காகத் தொழிலாளர்கள் கேட்ட இழப்பீட்டு மனுக்கள் குறைந்தன. அந்த மாநில மக்களின் ஜவ்வுகளில் எந்த மாற்றமும் நேர்ந்திருக்க முடியாது. மாறியது அவர்கள் முதுகைப் பற்றி நம்பியதுதான். அமெரிக்காவில் விமானம் கட்டும் தொழிற்சாலை ஒன்றில் 3,020 தொழிலாளர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 1991இல் வெளிவந்தது. தங்கள் வேலையில் மகிழ்ச்சியே இல்லை என்று சொன்னவர்கள், பின்னாளில் முதுகுவலி என்று முறையிட்டது மற்றவர்களைப்போல் இரண்டரை மடங்கு. தூக்கமின்மை, மனச்சோர்வு, புகைப்பழக்கம் ஆகியவையும் முதுகுவலியோடு சேர்ந்தே காணப்படுகின்றன.

இங்கே ஒரு கோபமான மறுப்பு எழும், எழுவது நியாயமும்கூட. ‘வலியில் துடிக்கிறவரிடம் எல்லாம் உன் மனதில்தான் இருக்கிறது என்கிறீர்களா?’ இல்லை. எல்லா வலியும் உண்மையான வலி. காலில் முள் குத்திய வலியையும் நமக்கு உணர்த்துவது மூளைதான். உடலில் காயம் ஆறிய பிறகும் எச்சரிக்கை ஓயாமல் ஒலித்துக்கொண்டிருக்கும் நிலை நரம்பு மண்டலத்துக்கு வருவதுண்டு. பயமும் உறக்கமின்மையும் குடும்பக் கவலையும் அந்த எச்சரிக்கையைக் கூட்டுகின்றன. ஸ்காட்லாந்து எலும்பு அறுவை மருத்துவர் கார்டன் வாடெல் 1980களிலேயே, முதுகுவலியை உடல், மனம், சமூகம் மூன்றையும் சேர்த்தே புரிந்துகொள்ள முடியும் என்று வாதாடினார். அறுவைக் கத்தியைப் பிடித்த ஒருவர் அப்படிச் சொன்னதற்கு மதிப்பு அதிகம். நம் பெண்கள் நடுவில் பரவியிருக்கும் நம்பிக்கை ஒன்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன். பிரசவத்தின்போது முதுகில் போட்ட ஊசியால்தான் இத்தனை வருடமாக இடுப்புவலி என்று சொல்லாத குடும்பம் குறைவு. இங்கிலாந்தில், பிரசவ வலி குறைய முதுகில் ஊசி போட்டுக்கொண்டவர்களையும் வேறு முறையில் வலி குறைத்துக்கொண்டவர்களையும் குலுக்கல் முறையில் பிரித்து, சராசரியாக இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பின்தொடர்ந்து 2002இல் முடிவை வெளியிட்டார்கள். நீடித்த முதுகுவலியில் இரு தரப்புக்கும் வேறுபாடு இல்லை. பிரசவத்துக்குப் பின் முதுகுவலி வருவது மெய். வயிற்றுத் தசை தளர்ந்திருக்கிறது, இரவில் தூக்கம் இல்லை, குழந்தையைக் குனிந்து குனிந்து தூக்க வேண்டியிருக்கிறது. ஊசியின் மேல் பழியைப் போட்டுவிட்டால் இவற்றில் ஒன்றையும் நாம் கவனிப்பதில்லை. ஊசியை எடுக்க முடியாது என்பதால் வலியும் தீராது என்ற முடிவுக்கு அந்தப் பெண் வந்துவிடுகிறார்.

வராமல் தடுப்பது எப்படி? 2016இல் 21 குலுக்கல் முறை ஆய்வுகளை, மொத்தம் 30,850 பேரை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். உடற்பயிற்சியும் முதுகைப் பற்றிய விளக்கமும் சேர்ந்தபோது புதிதாக வலி வரும் வாய்ப்பு 45 சதவீதம் குறைந்தது. பயிற்சி மட்டும் என்றால் 35 சதவீதம். விளக்கம் மட்டும், பெல்ட் மட்டும், செருப்புக்குள் வைக்கும் அட்டை மட்டும் என்று தனித்தனியாகப் பார்த்தால் பயன் தெரியவில்லை. பெல்ட்டைப் பற்றி ஐயம் இருந்தால், அமெரிக்காவில் 160 கடைகளில் வேலை செய்த 9,377 பேரிடம் நடந்து 2000இல் வெளிவந்த ஆய்வைப் பார்க்கலாம். கட்டியவர்களுக்கும் கட்டாதவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. மெத்தை விஷயத்தில், ஸ்பெயினில் 313 பேரிடம் சோதித்தபோது கட்டாந்தரைபோல் கெட்டியான மெத்தையைவிட நடுத்தரக் கெட்டியான மெத்தையே நன்றாக இருந்தது. பலகையில் படுத்தால்தான் முதுகு நிமிரும் என்பதற்கு அடிப்படை இல்லை. பயிற்சி என்றால் எந்தப் பயிற்சி? குறிப்பிட்ட ஒரு முறைதான் உயர்ந்தது என்று யாராலும் நிறுவ முடியவில்லை. 2024இல் சிட்னியிலிருந்து வந்த ஆய்வு இந்தக் கேள்விக்கு மிக எளிய விடை தந்தது. முதுகுவலி வந்து தேறிய 701 பேரில் ஒரு பகுதியினருக்கு, ஆறு மாதத்தில் வாரம் ஐந்து நாள் அரைமணி நேரம் என்ற அளவை நோக்கி மெல்ல மெல்ல நடையைக் கூட்டப் பழக்கினார்கள். இயன்முறை மருத்துவர் ஆறுமுறை சந்தித்து விளக்கினார். வேலையைத் தடுக்கும் அளவுக்கு வலி திரும்பி வர மற்றவர்களுக்கு ஆன நாட்களின் நடுமதிப்பு 112, நடந்தவர்களுக்கு 208. விட்டுவிட்டால் பயன் போய்விடாதா என்றால், போய்விடும். பல் துலக்குவதை நிறுத்தினாலும் அப்படித்தானே.

குனிந்து தூக்குவதைப் பற்றிக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். ஜெர்மனியின் உல்ம் நகரில் 1990களின் இறுதியில், 45 வயதுத் தன்னார்வலர் ஒருவரின் ஜவ்வுக்குள்ளேயே அழுத்தமானி வைத்து அளந்தார்கள். நிற்கும்போது அழுத்தம் 0.5 மெகாபாஸ்கல். 20 கிலோவை உடம்போடு அணைத்துப் பிடித்தபோது 1.1; அதே எடையை மார்பிலிருந்து 60 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்தபோது 1.8, முதுகை வளைத்து எட்டித் தூக்கியபோது 2.3. ஒரே ஒருவரிடம் அளந்தது என்றாலும், எடையைவிடத் தூரம் எப்படி வேலை செய்கிறது என்பதை இதைப்போல் காட்டும் எண்கள் குறைவு. இப்போது நம் அடுக்களைக்கு வாருங்கள். சமையல் எரிவாயு 14.2 கிலோ, இரும்பு உருளையும் சேர்ந்தால் ஏறக்குறைய 30 கிலோ. அது மேடைக்குக் கீழே, பெட்டிபோன்ற அறைக்குள், ஒரு ஓரமாக நிற்கிறது. அதை மாற்றுகிறவர் ஒரு காலை வெளியே ஊன்றி, கையை முழுக்க நீட்டி, இடுப்பைத் திருகி இழுக்கிறார். மனம் அடுப்பில் பாதி வெந்துகொண்டிருக்கும் குழம்பில் இருக்கிறது. சிட்னியில் திடீர் முதுகுவலி வந்த 999 பேரிடம் விசாரித்தபோது, வலியைக் கிளப்பியவற்றில் வசதியற்ற நிலையில் பாரம் கையாண்டதும், களைப்பும், எல்லாவற்றுக்கும் மேலாக அந்நேரம் கவனம் வேறிடத்தில் இருந்ததும்தான் முன்னால் நின்றன. காலை 7 மணி முதல் நண்பகலுக்குள் தொடங்கிய வலிகளே மிகுதி. இரவில் படுத்திருக்கும்போது ஜவ்வு நீரை உறிஞ்சி உப்பியிருப்பதால் விடிந்தவுடன் குனிவது கடினமாக இருக்கிறது. ஆகவே எழுந்து ஓரிரு மணி நேரம் கழித்து, உருளையை அதன் விளிம்பில் உருட்டி வெளியே கொண்டுவந்து, இரண்டு பாதங்களுக்கும் நடுவில் வரவைத்து, உடம்போடு அணைத்து, இடுப்பைத் திருகாமல் பாதத்தால் திரும்பினால் போதும். இதைத் தெரிந்துகொண்டவுடன் யாருக்கும் முதுகுவலி நின்றுவிடாது என்பதும் உண்மை; மாசசூசெட்ஸில் 2,534 அஞ்சல் ஊழியர்களுக்குத் தூக்கும் முறையைப் பாடமாக நடத்தி ஐந்தரை ஆண்டு பின்தொடர்ந்தும் காயம் குறையவில்லை. முறை தெரிந்த முதுகுக்குப் பலமும் வேண்டும், தூக்கும் பொருளுக்கு வரம்பும் வேண்டும்.

உட்கார்வதைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். சுவீடனைச் சேர்ந்த மருத்துவர் நாஹெம்சன் 1960களில் அளந்தபோது, நிற்பதைவிட உட்காரும்போது ஜவ்வில் அழுத்தம் கூடுதல் என்று வந்தது. அந்த அளவுகளைக் காட்டும் படம் உலகமெங்கும் மருத்துவமனைச் சுவர்களில் ஏறியது. உல்ம் அளவீட்டில் தளர்வாக உட்கார்ந்தபோது 0.46தான், நிற்பதைவிடக் கூடுதல் இல்லை. நிமிர்ந்து விறைப்பாக உட்கார் என்று பிள்ளைகளை அதட்டுவதால் ஆகப்போவது ஒன்றுமில்லை. எப்படி உட்கார்ந்தாலும் ஒரே நிலையில் மணிக்கணக்கில் இருப்பதுதான் முதுகை இறுக்குகிறது. எழுந்து நாலடி நடந்துவிட்டு வருபவருக்கு எந்த நாற்காலியும் ஒத்துப்போகும். நிற்பதற்கும் இதே நியாயம்தான். துணிக்கடைகளில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் நின்றபடியே வேலை செய்யும் பெண்களுக்காகக் கேரளம் 2018இல் சட்டம் திருத்தியது. 2021இல் தமிழ்நாடும் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று கட்டாயமாக்கியது. முதுகுவலித் தடுப்புக்கு நம் மாநிலம் செய்த நல்ல காரியங்களில் அது ஒன்று. வாங்க வந்தவர் கடையில் இருக்கும்போதும் அந்த நாற்காலியில் உட்காரும் துணிச்சல் அந்தப் பெண்ணுக்கு வந்திருக்கிறதா என்பதை, புடவை வாங்கப் போகும் நாம் ஒவ்வொருவரும் பார்க்க வேண்டும்.

இப்போது என் வாதத்துக்கு எதிரான வலுவான கேள்விக்கு வருகிறேன். உழைப்பு முதுகைக் காக்கும் என்றால், நாள் முழுவதும் உழைக்கிறவர்களுக்கு ஏன் முதுகுவலி? நாற்று நடுகிற பெண், கலவைச் சட்டி சுமக்கும் சித்தாள், மார்க்கெட்டில் மூட்டை இறக்கும் லோடுமேன், பேருந்து ஓட்டுநர், இவர்களைவிட அசைகிறவர் யார்? தொடக்கத்தில் சொன்ன உலக நோய்ச்சுமைக் கணக்கிலேயே, இந்த வலியால் வரும் முடக்கத்தில் 38.8 சதவீதத்துக்குத் தொழில் நிலைமை, புகைப்பழக்கம், உடல் பருமன் என்னும் மூன்றும் பொறுப்பு என்று காட்டியிருக்கிறார்கள். என் பதில், உழைப்பு மருந்தாவது அதன் அளவாலும் அதற்குப் பின் வரும் ஓய்வாலும்தான் என்பது. காய்ப்பும் வெடிக்கும் என்று முன்பே சொன்னேன். காலையில் பூங்காவில் நடக்கிறவர் களைத்தால் உட்கார்ந்துகொள்வார், மழை வந்தால் நாளை நடப்பார். ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசி நடவுக்கு இறங்கியவர் இடுப்பை நிமிர்த்தினால் பக்கத்து ஆள் முந்திவிடுவார். வயலில் பல மணி நேரம் ஒரே வளைவில், அதே தசைகள், அதே நிலை. வீட்டுக்கு வந்தால் குடத்துத் தண்ணீர், அடுப்பு, துணி. இரவு உறக்கமும் போதாது, உண்பதும் போதாது. கடற்கரையில் நடக்கிற அதிகாரியின் முதுகு காலால் மட்டும் காக்கப்படவில்லை. எப்போது நிறுத்துவது என்று தீர்மானிக்கும் உரிமையாலும் காக்கப்படுகிறது. ஓட்டுநர்களுக்கு இன்னொரு காரணமும் சேர்கிறது. பேருந்து, லாரி, டிராக்டர் ஓட்டுகிறவர்களின் உடம்பு முழுவதையும் நாள் முழுக்க உலுக்கும் அதிர்வு முதுகுவலியோடு தொடர்புடையது என்பது பல நாடுகளில் உறுதிப்பட்டிருக்கிறது. இருக்கையின் சுருள்வில்லை மாற்றாமல் அந்த ஓட்டுநருக்கு யோகாசனம் சொல்லிக்கொடுப்பது நியாயமில்லை.

ஆகவே தடுப்பு என்பதில் பாதி, தனி மனிதருக்குச் சொல்லும் அறிவுரைக்கு அப்பால் இருக்கிறது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1967இலேயே, ஆள் தூக்கக்கூடிய அதிகபட்ச எடை பற்றி உடன்படிக்கை இயற்றி, வளர்ந்த ஆண் ஒருவருக்கு 55 கிலோவுக்கு மேல் கூடாது, பெண்களுக்கு அதைவிட நன்றாகக் குறைய வேண்டும் என்று பரிந்துரைத்தது. நம் சிமென்ட் மூட்டை 50 கிலோ. வரம்பை ஒட்டி நிற்கும் அந்த எடையைத் தொழிலாளி ஒரு நாளில் எத்தனை முறை தூக்குகிறார், எத்தனை மாடி ஏற்றுகிறார் என்பதற்கு எந்த மூட்டையிலும் கணக்கு அச்சிடப்படவில்லை. பிரிட்டனில் 50 கிலோவாக இருந்த சிமென்ட் மூட்டையை 25 கிலோவாகக் குறைத்துவிட்டார்கள். அங்கே கட்டடம் எழும்புவது நின்றுவிடவில்லை. நம் நெல் கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ சிப்பம் வழக்கத்தில் இருக்கும்போது, சிமென்டுக்கு மட்டும் 50 கிலோ விதியா? செலவு கூடும் என்பார்கள். பையின் விலை கூடும், உண்மை. முதுகு விழுந்த கொத்தனார் வீட்டிலிருக்கும் மாதங்களின் செலவு இன்று எந்தக் கணக்கிலும் ஏறாமல் அவர் மனைவியின் நகைக்கடன் சீட்டில் மட்டும் ஏறுகிறது என்பதால்தான் இப்போதைய மூட்டை மலிவாகத் தெரிகிறது.

மருத்துவத் துறை உடனே செய்யக்கூடிய ஒன்றும் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நீடித்த இடுப்புவலிக்கு வெளியிட்ட வழிகாட்டுதல், விளக்கம், உடற்பயிற்சி, உளவியல் உதவி ஆகியவற்றை முன்னால் வைக்கிறது. இடுப்புப் பெல்ட், இழுவைச் சிகிச்சை, அபின் வகை வலிமருந்து ஆகியவற்றை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்கிறது. இதற்கு வேண்டிய ஆள்கள் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை கொடுப்பதோடு, இயன்முறை மருத்துவரும் வீடு தேடிப் போகிறார். பக்கவாதம் வந்தவரின் கையை அசைக்கப் போகும் அவரே, அதே தெருவில் இடுப்புவலி வந்து தேறிய பெண்ணையும் பார்த்து, ஸ்கேன் அறிக்கையை அச்சமில்லாமல் விளக்கி, எவ்வளவு நடக்கலாம், எப்போது கூட்டலாம் என்று சொல்லிவர முடியும். சிட்னி ஆய்வில் ஒருவருக்குத் தேவைப்பட்டது ஆறு மாதத்தில் ஆறு சந்திப்புகள். முதல் சந்திப்பில் எதற்கெல்லாம் உடனே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பதைச் சொல்லிவிட வேண்டும். கடைசிச் சந்திப்பில் வலி மறுபடி வந்தால் என்ன செய்வது என்பதை அவர் வாயாலேயே சொல்லச் சொல்லிக் கேட்க வேண்டும். இதற்குப் புதுக் கட்டடமோ புதுக் கருவியோ வேண்டாம். கூடுதலாகச் சில இயன்முறை மருத்துவர்களும், முதுகுவலியையும் அவர்கள் பார்க்கும் பட்டியலில் சேர்க்கும் ஓர் அரசாணையும் போதும்.